எண்ணெய்க்கு அடியில் தண்ணீர்

எழுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி, கைக்குழந்தையோடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் தெருவுக்குக் குடிபோயிருந்தோம். தெருவை ஒட்டித் தகரக் கூரை போட்ட பட்டறை. அதைத் தாண்டி உள்ளே ஒரே அறை. அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது.

என் கணவர் கத்தி செய்பவர். பட்டுநூல் அறுக்க அந்தத் தெருவில் எல்லோருக்கும் சின்னக் கத்தி வேண்டும். இரும்புக் கத்தி ஈரக் கையில் துருப்பிடிக்கும். துரு பட்டில் பட்டால் கறை போகவே போகாது. அதனால் துருப்பிடிக்காத கத்தி கேட்டார்கள். முதலில் எவர்சில்வர் பாத்திரக் கடையில் கிடைத்த தகட்டுத் துண்டுகளில் செய்து பார்த்தார். எவ்வளவு காய்ச்சி எண்ணெயில் முக்கினாலும் அது கெட்டிப்படவில்லை. அழுத்தினால் வளைந்தது. அப்புறம் ஒரு காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு மெட்ராஸ் பழைய இரும்புக் கடைகளுக்குப் போனார். பளபளப்பாகவும் இருந்து காந்தத்திலும் ஒட்டும் துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கி வந்தார். பெரும்பாலும் ஒடிந்த ஆஸ்பத்திரிக் கத்தரிகள்.

"ஒட்றதுதான் பதம் ஏறும்னு தோணுது. ஆனா இரும்பு மாதிரி செவந்தா மட்டும் பத்தாது. மஞ்சளா வர்ற வரிக்கும் காய்ச்சணும்" என்றார்.

அன்று காலை முதல் தடவையாக நிறையக் கத்திகளை ஒன்றாகக் காய்ச்சினோம். முந்தின நாள் மாலை நல்ல மழை. குழந்தை உள்ளே தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் தெருவாசல் பக்கம் உட்கார்ந்து உலைக்குக் காற்று அடிக்கும் சக்கரத்தைச் சுற்றினேன். கத்திகள் கண் கூசுகிற நிறத்துக்கு வந்ததும், கம்பியில் கோத்திருந்த அவற்றை அப்படியே தூக்கி, அறை வாசலை ஒட்டியிருந்த எண்ணெய் டிரம்முக்குள் ஆழமாக இறக்கினார்.

வழக்கமாக 'சொய்ங்' என்று புகை வரும், அவ்வளவுதான். அன்றைக்குப் படாரென்று வெடித்தது. எரிகிற எண்ணெய் கூரை வரைக்கும் எழும்பி, கரி மூட்டைகள் மேலும் அறை வாசலிலும் கொட்டியது. தகரத்து ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் டிரம்முக்குள் ஒழுகி எண்ணெய்க்கு அடியில் தங்கியிருந்தது எங்களுக்குத் தெரியாது.

அவர் கை வெந்து அலறியபடி தெருப்பக்கம் வந்து விழுந்தார். எனக்கும் என் குழந்தைக்கும் நடுவில் நெருப்பு. அவள் வீறிட்டு அழுவது கேட்டது.

தெருவில் தறிக்கான பட்டுநூல் பாவு நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ஆளுக்கொரு குடம் தண்ணீர். அப்போதுதான் கீழே கிடந்த என் கணவர் கத்தினார்: "தண்ணி ஊத்தாதீங்க! எண்ணெ! எண்ணெ!"

அந்தக் கூச்சலில் அவர் குரல் யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. தண்ணீர் பட்டால் அந்த எண்ணெய் இன்னொரு தடவை சிதறி அறைக்குள்ளேயே பாயும். முன்னால் வந்தவரின் குடத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"வுடும்மா! உள்ள கொழந்த இருக்குது, நீ இன்னா தடுக்கிற?" என்று அவர் என்னை உதறினார்.

"தண்ணி வேணாண்ணா, மணலு! மணல் அள்ளிப் போடுங்க!"

எதிர்வீட்டில் சுவர் எழுப்பக் கொட்டியிருந்த பாலாற்று மணல் குவியலைக் காட்டினேன். அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குடத்தைக் கீழே வைத்துவிட்டு மணலுக்கு ஓடினார். மற்றவர்களும் ஓடினார்கள். சட்டி சட்டியாக மணல் விழுந்தது.

அதற்குள் உள்ளே அழுகை நின்றுவிட்டது.

அந்த நிமிஷத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. நான் தடுத்ததால்தான் என் பிள்ளை போய்விட்டாள் என்று நினைத்தேன். நெருப்புக்குள் பாயப்போன என்னை இரண்டு பெண்கள் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள்.

அப்போது பக்கத்து வீட்டு வாசலிலிருந்து ஒரு குரல். "அம்மாயி, இங்க பாரு! பாப்பா எங்கிட்ட இருக்குது!"

தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம் அது. அந்த அம்மாவோடு நான் அதுவரை சிரித்ததோடு சரி. பேர்கூடத் தெரியாது. அவர் தோளில் என் மகள் இருமிக்கொண்டிருந்தாள். ஒன்றையொன்று ஒட்டிக் கட்டிய அந்தக் காலத்து வீடுகளில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே இடைவெளி இருக்கும். அழுகை கேட்டதும் ஏணி வைத்து ஏறி, புகைக்குள் இறங்கி, தூளியோடு அவளை முதுகில் கட்டிக்கொண்டு, எங்கள் பரணில் கால் வைத்துத் திரும்ப ஏறியிருக்கிறார். முழங்கையெல்லாம் சிராய்ப்பு.

குழந்தையை வாங்கப் போனபோதுதான் பார்த்தேன். அவர் வீட்டுத் தறியில் அரக்குநிறப் பட்டுப் பாவு பாதியில் அறுந்து தொங்கியது. தறி அடைத்திருந்த அந்த அறையில் ஏணியைச் சுவர் வரைக்கும் கொண்டுபோக அவரே அறுத்துப் போட்டது. என் பார்வை போன இடத்தைக் கவனித்தவர், "அது கெடக்கட்டும், பாப்பாவுக்குப் பால் குடு" என்றார்.

நெருப்பு அடங்கியது. என் கணவரின் கை ஆற மாதக்கணக்கானது. பிறகு ஊருக்கு வெளியே ஓரிக்கை பக்கம் திறந்தவெளியில் பட்டறை போட்டு, தினமும் டிரம்மின் அடியிலிருந்து கொஞ்சம் எண்ணெயை எடுத்துச் சட்டியில் காய்ச்சி, தண்ணீர் பொரிகிறதா என்று சோதித்த பிறகே கத்தியை இறக்கினார். துருப்பிடிக்காத கத்திகளும் நன்றாகவே வந்தன.

என் மகளுக்கு இப்போது பேரப்பிள்ளையே இருக்கிறான். ஆனாலும் அழுகை நின்ற அந்த நிமிஷம் கனவில் வந்து என்னை எழுப்பாத வருடம் இல்லை. எழுந்து உட்கார்ந்து, பித்துப் பிடித்தவள் மாதிரி கத்திய என்னை நம்பிக் குடத்தைக் கீழே வைத்த அந்த மனிதரையும், யாரையும் கேட்காமல் சுவர் ஏறிய அந்த அம்மாவையும் நினைத்துக்கொண்ட பிறகுதான் எனக்கு மூச்சு சீராகிறது.