எந்தப் பக்கத்துப் பிள்ளை

கபடிக்குப் போட்ட ஒரு விதியால் என் தலைப்பிரசவம் அம்மா வீட்டில் நடக்காமல் போயிற்று. இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். கபடிக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் என்னம்மா சம்பந்தம் என்கிறார்கள். வேறு யாருக்காவது நடந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. வருடா வருடம் பொங்கல் கழிந்ததும் விளாங்குடிப் பக்கத்துக்கும் பேரையூர்ப் பக்கத்துக்கும் மூன்று ஆட்டம் நடக்கும். முதல் ஆட்டம் விளாங்குடியில், இரண்டாவது பேரையூருக்குப் பக்கத்தில், மூன்றாவது இரண்டுக்கும் பொதுவாகத் திருநகர்ப் பொட்டலில். வருடம் முழுக்க இந்தப் பையன்கள் மதுரை மில்களில் ஒன்றாக வேலை பார்ப்பார்கள், ஒரே மில் டீமுக்கு ஒரே பனியன் போட்டு ஆடுவார்கள், ஒரே டீக்கடையில் உட்கார்ந்து வடையைப் பிய்த்துத் தின்பார்கள். தை பிறந்துவிட்டால் போதும், முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். தண்ணிப் பக்கத்து விளாங்குடிக்காரனுக்கு உடம்பில் வலு இல்லை என்று பேரையூர்க்காரர்கள் சொல்வார்கள், கரிசல்காட்டுக்காரனுக்கு மூளை இல்லை என்று விளாங்குடிக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு இரண்டு பக்கமும் சொந்தம். நான் வளர்ந்தது விளாங்குடி. வாக்கப்பட்டது பேரையூருக்குப் பக்கத்தில் என் அத்தை மகனுக்கு. அத்தை என்றால் அப்பாவின் கூடப் பிறந்தவள். மச்சானுக்கு மில் வேலை என்பதால் திருநகரில் வாடகை வீட்டில் இருந்தோம்.

மச்சான் பேரையூர்ப் பக்கத்துக்கு ஏறிப் பாடுகிறவர். எதிராளியின் கோட்டுக்குள் மூச்சடக்கிப் போய் ஆளைத் தொட்டுவிட்டு வருவதில் அவரை மிஞ்ச அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. அவருடைய அப்பாவுக்கு, அதாவது என் மாமாவுக்கு, அதில் இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. மாமாதான் அந்தப் பக்கத்து டீமுக்குப் பெரிய மனுஷர். சந்தைக்குப் போனாலும் கல்யாண வீட்டுக்குப் போனாலும் "எம் மகன் பாடுனான்னா" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பாவம்.

நான் கல்யாணமாகிப் போன வருடம் விளாங்குடி ஜெயித்தது. அந்த ஊரில் வாடகைக்குக் குடியிருந்த வெளியூர் மில்காரர்களை எல்லாம் சேர்த்துக்கொண்டு ஆடினார்கள் என்று தகராறு. அடுத்த பொங்கலுக்கு முன்னால் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடிப் பேசினார்கள். மாமா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னாராம்.

"பொழைக்கப் போன ஊரு கணக்குல வராதுப்பா. எவன் எந்த மண்ணுல பொறந்தானோ அந்தப் பக்கம்தான் ஆடணும். சம்மதம்னா ஆட்டம். இல்லைன்னா இல்லை."

அம்புட்டுப் பேரும் கை தட்டிச் சம்மதித்தார்கள். அங்கே ஒரே ஒரு பெண் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே வாய்விட்டுச் சிரித்திருப்பாள். எங்கள் ஜனத்தில் தலைப்பிள்ளையை யார் புருஷன் வீட்டில் பெறுகிறார்கள்? வளைகாப்புப் போட்டு அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய், அங்கே பெற்று, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ தொட்டிலும் சீருமாகக் கொண்டுவந்து விடுவதுதானே வழக்கம்? வீட்டுக்கு வீடு மூத்தவன் எல்லாம் அம்மா ஊரில் பிறந்தவன். பிள்ளை எங்கே பிறந்தது என்று யோசிக்கிற வேலையை ஆண்கள் எப்போது பார்த்தார்கள்?

முதல் ஆட்டத்தன்று என் தம்பிதான் அதை எடுத்தான். அப்பா தவறிய பிறகு எங்கள் வீட்டுக்கு அவன்தான் ஆள். விளாங்குடி டீமுக்கும் அவன்தான் கேப்டன். கோடு கிழித்துச் சாம்பல் போட்டு எல்லாரும் இறங்கி நின்றபோது கையைத் தூக்கினான்.

"மாமா, சொன்ன சொல்லு சொன்னதுதானே?"

"எம் பேச்சுல என்னைக்குடா மாத்தம் இருந்துச்சு?"

"அப்ப மச்சான எங்க பக்கம் அனுப்பி விடுங்க. அவரு எங்க வீட்டு நடுவீட்டுலதான பொறந்தாரு. சந்தேகம்னா அத்தையக் கேளுங்க."

கூட்டமே சிரித்தது.  மச்சான் மட்டும் இல்லை, பேரையூர்ப் பக்கத்தில் பாதி டீம் அன்றைக்குக் கலைந்தது. ஒருவன் உசிலம்பட்டியில் பிறந்தவன், இன்னொருவன் சோழவந்தானில் பிறந்தவன். எந்தப் பக்கமும் சேராமல் வேப்பமரத்தடியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். விளாங்குடியிலும் சிலர் அப்படிப் போனார்கள். ஆனால் மச்சான் மாதிரி ஒரு ஆளை அவர்கள் இழக்கவில்லை. சொன்ன சொல்லை மாற்ற மாமாவால் முடியவில்லை. "போடா" என்று மகனைப் பார்க்காமலே சொன்னார்.

மச்சான் போனார். அன்றைக்கு மனசில்லாமல் ஆடினார், விளாங்குடி தோற்றது. எங்கள் ஊர்க்காரர்கள் அவர் வேண்டுமென்றே பிடி கொடுத்துவிட்டார் என்றார்கள். இரண்டாவது ஆட்டம் பேரையூருக்குப் பக்கத்தில். அவர் தவழ்ந்து வளர்ந்த மண். நானும் அத்தையும் பெண்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். அவர் பாடப் போகும்போதெல்லாம் சின்னப் பையனிலிருந்து பல் போன கிழவன் வரை "அம்மா வீட்டுப் பிள்ளை, அம்மா வீட்டுப் பிள்ளை" என்று கத்தினார்கள். கூடப் படித்தவர்கள், கூட மாடு மேய்த்தவர்கள். யாரோ மண்ணை அள்ளி எறிந்தார்கள். மாமா அவர்களை அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை. அதற்கப்புறம் மச்சான் ஆடிய ஆட்டம் விளையாட்டே இல்லை. முகம் கறுத்துப்போய், பிடிக்க வந்தவர்களை இழுத்துக்கொண்டே கோட்டுக்கு வந்தார். விளாங்குடி ஜெயித்தது. திருநகரில் நடந்த மூன்றாவது ஆட்டத்திலும் கடைசியாக அவர் பாடிப் போய் ஆளைத் தொட்டுத் திரும்பியதில்தான் முடிவாயிற்று. அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு என் தம்பி ஆடினான். மாமா எங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் பஸ்ஸுக்கு நடந்தார். ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூட உள்ளே வரவில்லை.

அப்போது எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. மாமாவும் மச்சானும் பேச்சை விட்டார்கள். ஊருக்குப் போனால் மாமா தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். மச்சான் இளைத்துப்போனார். மில் டீமுக்கு ஆடுவதையும் நிறுத்திக்கொண்டார். சோற்றில் கை வைத்தபடியே எதையோ யோசித்துக்கொண்டு இருப்பார். எனக்கு அவரைப் பார்க்கப் பரிதாபமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. அம்மா வீட்டுக்குப் போய்விட்டால் இந்தச் சனியன் பிடித்த கபடிப் பேச்சே காதில் விழாது என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். நடுவீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டதாக அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். எனக்குப் பிரசவத்தை நினைத்தால் பயம். அம்மாவின் கை என் தலைமாட்டில் இருந்தால் போதும், பெற்றுவிடலாம் என்று நினைத்தேன். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஆவணியில் மாமா வீட்டில் வளைகாப்பு. அம்மா ஏழு வகைச் சோறும் கூடை நிறைய வளையலும் கொண்டுவந்தாள். கை நிறைய அடுக்கி, சந்தனம் பூசி, எல்லாரும் சாப்பிட்டு முடித்து, என் துணிப்பெட்டியைத் தம்பி கையில் எடுத்தபோது மாமா வாசலில் வந்து நின்றார்.

"பெட்டிய வையிப்பா. பிள்ளைய அனுப்ப மாட்டேன்."

அம்மாவுக்குப் புரியவில்லை. "தலைப்பிரசவம்ணே" என்றாள்.

"தெரியும். அதுனாலதான் சொல்றேன். எம் மகன அங்கிட்டுப் பெத்து அவமானப்பட்டது போதும். எம் பேரன் இந்த மண்ணுல பொறப்பான். இந்தப் பக்கம் ஆடுவான்."

அத்தை அடுப்படியிலிருந்து வந்தாள். அவள் புருஷனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. "எம் பிள்ளைய எங்க அம்மா வீட்டுல பெத்தது இப்பக் குத்தமாப் போச்சாக்கும்?" என்றாள்.  அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அம்மா தம்பியைப் பார்த்தாள். விதியை விட்டுவிடுகிறோம், எங்களுக்கு மச்சானும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாமா இறங்கி வந்திருப்பார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அவன் கால் விரலால் தரையைக் கீறினான். "பேசிப் பாப்பம்மா, பெறகு" என்றான். அந்தப் பிறகு வரவே இல்லை. மச்சானை விட்டுவிட்டு அடுத்த பொங்கலுக்கு ஆட அவனுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

நான் மச்சானைப் பார்த்தேன். மாமா அவர் பக்கம் திரும்பி, "நீ என்னப்பா சொல்ற?" என்று கேட்டார். மாசியிலிருந்து ஆவணி வரைக்கும் மகனோடு பேசாத மனுஷன் பேசிய முதல் பேச்சு அது. மச்சானின் கண் கலங்கிவிட்டது. "நீங்க சொன்னாச் சரிப்பா" என்றார்.

அப்பாவும் மகனும் அன்றைக்கு ராத்திரி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்கள். நான் வளையல் கையோடு அறையில் உட்கார்ந்து அழுதேன். மச்சான் வந்து, "அப்பா இம்புட்டு நாள் கழிச்சுப் பேசுறாரு. எப்படி மாட்டேன்னு சொல்ல? எங்க பெத்தா என்ன, பிள்ள பிள்ளதான?" என்றார்.

"அத உங்க அப்பாகிட்டச் சொல்ல வேண்டியதுதான?" என்றேன். அவர் எழுந்து போய்விட்டார்.

நான் மாமா வீட்டிலேயே தங்கிவிட்டேன். சம்பந்தி வீட்டில் ராத் தங்குவது மரியாதை இல்லை என்று அம்மா வாரம் ஒருதரம் பஸ் மாறி மாறி வருவாள். பலகாரத்தை வைத்துவிட்டு, என் காலை அமுக்கிவிட்டு, வெயில் சாயுமுன் கிளம்புவாள். "போறேண்டி, பத்திரம்" என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள். மாமா என்னை நன்றாகத்தான் வைத்துக்கொண்டார். அதையும் சொல்ல வேண்டும். சந்தையிலிருந்து மாதுளம்பழம் வாங்கி வருவார். ஆட்டுக்கால் சூப்பு வைக்கச் சொல்லி அத்தையை விரட்டுவார். எல்லாம் என் வயிற்றைப் பார்த்துச் செய்ததுதான், என்னைப் பார்த்து இல்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள் விடிகாலை வலி எடுத்தது. நர்சம்மாவைக் கூட்டிவந்தார்கள். விளாங்குடிக்கு ஆள் போனான். மழையில் பஸ் எங்கேயோ நின்றுவிட்டது. அத்தை என் தலைமாட்டில் இருந்தாள். நல்ல மனுஷிதான். ஆனாலும் நான் வலியில் "அம்மா" என்று கத்தும்போதெல்லாம் அது வெறும் கத்தல் இல்லை. என் அம்மாவைத்தான் கூப்பிட்டேன். வெளியே மாமாவின் டீம் ஆட்கள் வந்து கூடிவிட்டார்கள். பேரன் எந்தக் காலால் உதைக்கிறான் என்று என்னென்னவோ பேசிச் சிரிப்பது எனக்குக் கேட்டது. 

பகல் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறந்தது. நர்சம்மா கதவைத் திறந்து, "பொம்பளப் புள்ள. தாயும் பிள்ளையும் சொகம்" என்றாள்.  கொஞ்ச நேரத்தில் வெளியே ஆட்கள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

மாமா வாசல்படியில் வந்து நின்றார். கோபமாக இல்லை. என்னைப் பார்த்த கண்ணில் நிஜமாகவே இரக்கம் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"பொட்டப்புள்ளன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா உங்க அம்மா வீட்டுக்கே அனுப்பி வச்சிருப்பேனே ஆத்தா" என்றார்.

மறுநாள் அம்மா முழங்கால் வரை சேறோடு வந்து சேர்ந்தாள். பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு முகத்தையே பார்த்திருந்தாள். மாமா தானாகவே வந்து, "தாராளமாக் கூட்டிட்டுப் போங்க தங்கச்சி, எம்புட்டு நாள் வேணும்னாலும் வச்சிருந்து அனுப்புங்க" என்றார். அம்மா ஆசையோடு என்னைப் பார்த்து, "வாரியாடி?" என்றாள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. "பெத்தாச்சே மாமா" என்றேன். "தலைப்பிரசவம் ஒரு தடவதான. இனி நான் எங்க இருந்தா உங்களுக்கென்ன?"

 அம்மா குனிந்துகொண்டு பிள்ளையின் நெற்றியைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அது ஈரமாகிக்கொண்டே இருந்தது.