தண்ணீரில் போட்டுப் பார்த்த குளிசை

எங்கள் நளீம் மச்சான் இந்த உலகத்தில் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது ஒன்றே ஒன்றைத்தான்: கட்டாரிலிருந்து அவருடைய அண்ணன், எங்களுக்கெல்லாம் காக்கா, கொண்டுவரும் சாமான். மற்றதெல்லாம் அவருக்குக் கலப்படம். மாவடிப்பள்ளிப் பக்கம் நெல் வாங்கி ஆலைகளுக்குக் கொடுப்பது தொழில். மூட்டைக்குள் இரும்புக் குழலைக் குத்தி அடியில் கிடக்கும் நெல்லை இழுப்பார். பல்லில் கடிப்பார். ஒரு பிடியைத் தண்ணீரில் போடுவார். மிதந்தால் உள்ளே அரிசியில்லாத சப்பி, அடியில் போய் உட்கார்ந்தால் நெல்.

மீனையும் தயிர்ச் சட்டியையும் இதே கண்ணோடுதான் பார்ப்பார். பெண் பார்க்க வந்த அன்றே, என் அக்கா சிபானா ராத்தாவுக்கு வாப்பா கட்டிக் கொடுத்த வீட்டின் சுவரைத் தட்டிப் பார்த்த மாப்பிள்ளை அவர். எங்கள் கல்முனைக்குடியில் அப்படி ஒரு ஆளை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிபானா ராத்தா சிரித்தாள்.

"ஆராஞ்சு பாக்கிற ஆள் நல்லதுதானே, நுஸ்ஹா. ஒருத்தரும் ஏமாத்தேலா."

ராத்தாவுக்கு இரண்டு கரு தங்காமல் போய், மூன்றாவதுதான் தங்கியது. ஐந்தாம் மாதத்தில் ரத்தத்தில் பிறசர் ஏறியது. அரசாங்கக் கிளினிக்கில் மஞ்சள் நிறக் குளிசை கொடுத்தார்கள். மச்சான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மோந்து பார்த்தார். கடைசியில் ஒன்றைத் தண்ணீர்க் கிளாசில் போட்டார். கொஞ்ச நேரத்தில் அது கரைந்து மாவாகிவிட்டது.

"பாத்தியா? வெறும் மா. சும்மா தாறதுல வேற என்ன இரிக்கும்?"

"வயித்துக்குள்ள போய்க் கரையத்தானே மச்சான் குளிசை?" என்றேன்.

"நீ கதைக்காத. சப்பிய நெல்லெண்டு விக்கிற ஆக்களோடதான் நான் சீவிக்கிற."

அதன் பிறகு அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதுதான் எனக்கு உதைத்தது. மச்சான் சத்தம் போட்டால் பயமில்லை. சத்தமில்லாமல் இருந்தால் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல், தன் கையால் ஒரு கிளாஸ் தண்ணீர் எடுத்துக் குடித்தறியாத மனுசன், ராத்தாவுக்குக் குளிசையும் தண்ணீரும் ஏந்திக்கொண்டு வர ஆரம்பித்தார். ராத்தா உருகிப் போனாள். நான் அவர் உள்ளங்கையைப் பார்த்தேன். மஞ்சள் குளிசை வெள்ளையாகியிருந்தது.

"இது வேறயெல்லா, மச்சான்?"

"கொம்பனி மாறிட்டாம். இப்ப எல்லா மருந்தும் அப்படித்தானே வருது."

மருந்துத் தட்டுப்பாட்டுக் காலத்திலிருந்து அது நடக்கிற காரியம்தான். பிறசரும் நன்றாக இறங்கியது. நான் அரை மனதோடு பேசாமல் இருந்தேன். மச்சான் முகத்தில் மட்டும் நல்ல விலைக்கு நெல் எடுத்த சந்தோசம்.

அடுத்த ஸ்கேனுக்கு நானும் போனேன். டொக்டர் மேனுஜா திரையைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். பிறகு ஒரு சத்தத்தைக் கூட்டினார். விட்டு விட்டு ஊதுகிற மாதிரி ஓர் இரைச்சல் அறையை நிறைத்தது.

"இது தொப்புள்கொடி. ரத்தம் நல்லா ஓடுது. உங்கட பிறசரும் நல்லம். அப்ப புள்ளையைச் சுத்தியிருக்கிற தண்ணி ஏன் வத்துது? நாங்க தந்த குளிசை தாய்ட பிறசரைக் குறைக்கும், கொடிக்குள்ள ஓட்டத்தைக் குழப்பாது. அதுக்காகத்தான் அதைத் தாறது. வேற என்ன குடிக்கிறீங்க?"

"ஒண்டுமில்ல டொக்டர். இவர்தான் எடுத்துத் தாறவர்" என்றாள் ராத்தா.

டொக்டரின் பார்வை மச்சானிடம் போனது.

"பெரியாக்களுக்கு நல்லமான சில பிறசர் குளிசை இருக்கு. அது இந்தக் கொடியால புள்ளைக்குள்ளயும் போகும். புள்ளைட பிறசரையும் இறக்கும், கிட்னிக்கு ரத்தம் போதாமப் போகும். புள்ள மூத்திரம் போறதுதான் இந்தத் தண்ணி. போகாட்டி வத்தும். அப்படி ஏதும் குடுத்திருந்தா இப்பவே சொல்லுங்க. நிப்பாட்டினா மீள இடமிருக்கு. சொல்லாட்டி நான் வேற காரணம் தேடிக்கொண்டிருப்பன். புள்ள தாங்காது."

கொடியின் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. மச்சான் அதைத்தான் கேட்டுக்கொண்டு நின்றார். எனக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. மெல்ல பொக்கெற்றுக்குள் கையை விட்டு ஒரு குளிசை அட்டையை எடுத்தார்.

"காக்கா கட்டாருல பிறசருக்குக் குடிக்கிற குளிசை. இது தண்ணில கரையல்ல, டொக்டர்" என்றார். அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

ராத்தா எழுந்து உட்கார்ந்தாள். "எனக்கா தந்தீங்க?"

அவர் அட்டையை டொக்டரின் மேசையில் வைத்தார்.

அன்றே அந்தக் குளிசையை நிறுத்தி ராத்தாவை வார்டில் கட்டில் கொடுத்து மறித்தார்கள். பழைய மஞ்சள் குளிசை மறுபடி வந்தது. இந்த முறை நர்ஸ் கையிலிருந்து வாங்கித்தான் ராத்தா குடித்தாள். ஸ்கேனுக்கு ஸ்கேன் நாங்கள் துஆக் கேட்டபடி கிடந்தோம். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஸம்றா பிறந்தாள், சின்னப் பிள்ளைதான், ஆனால் சுகமாக, அல்ஹம்துலில்லாஹ். முதல் தடவை மூத்திரம் போனபோது மச்சான் அந்த நனைந்த துணியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நெல்லை அவர் இன்னும் கடித்துத்தான் வாங்குகிறார். வீட்டில்தான் கதை மாறிவிட்டது. அவர் தேத்தண்ணி கொண்டுவந்தால் ராத்தா உடனே குடிப்பதில்லை. கோப்பையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்க்கிறாள், மோந்து பார்க்கிறாள். முன்பென்றால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். மச்சான் கையை நீட்டிக் கோப்பையை வாங்கி, ஒரு மிடறு குடித்துக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். அது அவர் தொண்டைக்குள் இறங்கும்வரை பார்த்திருந்துவிட்டு, ராத்தா குடிக்கிறாள்.