அடிமைச் சீட்டு

"என்னங்க வாத்தியாரே, எம்புள்ளைய அடிமையாக்கிட்டீங்களாமே?"

வகுப்பு வாசலில் நின்று கேட்டவர் திருநள்ளாற்றுப் பக்கம் நிலபுலன் உள்ளவர், எட்டாம் வகுப்பு ரவியின் அப்பா. எழுபதுகளின் கடைசி அது. நான் காரைக்காலில் சரித்திர ஆசிரியர்.

பழைய ரோமானிய நகரத்தின் அன்றாட வாழ்க்கையை இரண்டு வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டு நடத்தினேன். யார் மண்டையிலும் ஏறவில்லை. அந்த வருடம் நடித்தே காட்டுவது என்று முடிவு செய்தேன். குளியல் மண்டபம், ரொட்டிக்கடை, சந்தை, நான்கு வீடுகள். அடிமைகள் இல்லாமல் அந்த ஊரில் அடுப்பு எரியாது. ஆனால் அடிமையாக நடிக்க ஒருவரும் கை தூக்கவில்லை. நாற்பத்திரண்டு பேருக்கு நாற்பத்திரண்டு சீட்டு எழுதி, இரண்டு தடவை எண்ணிப் பார்த்து, டப்பாவில் போட்டுக் குலுக்கினேன். அதில் அடிமைச் சீட்டு பதினாலு. ஒன்று ரவிக்கு வந்தது. ரவி வீட்டு வயலில் கூலிவேலை செய்பவரின் மகன் முருகையனுக்கு ரொட்டிக்கடை முதலாளிச் சீட்டு.

"குலுக்கிப் போட்டதுங்க," என்றேன்.

"அதான் முருகையன் இருக்கான்ல, அவன அதுக்குப் போடுங்க. இவன் கடையில நிக்கட்டும். யாருக்கு என்ன நட்டம்?"

முருகையன் முதல் பெஞ்சில் இருந்தான். சீட்டைச் சட்டைப் பைக்குள் தள்ளி, பையைக் கையால் பொத்திக்கொண்டான்.

"மாத்த முடியாதுங்க."

தலைமையாசிரியர் என்னைத் தனியே அழைத்தார். "அவரு மேல வரைக்கும் பேசுவாரு சார். ஆந்திராப் பக்கம் ஏனாமுக்குத் தூக்கியடிச்சா தெலுங்குல பாடம் நடத்துவீங்களா? ஒரு சீட்டுதானே, மாத்திருங்க."

ஏனாம் எத்தனை மைல், எத்தனை ரயில் மாற வேண்டும் என்று அங்கேயே கணக்குப் போட்டேன். ஆனால் அந்தச் சீட்டைப் பிடுங்கினால், முருகையன் எந்த வீட்டில் பிறந்தானோ அதுதான் அவனுக்கு என்று நானே சொன்னதாகிவிடும். "மாத்தச் சொன்னா நாடகமே கிடையாதுங்க," என்றேன்.

வெள்ளிக்கிழமை நாடகம். ரவியின் அப்பா வந்து பின்சுவரோரம் கையைக் கட்டி நின்றார். "மாவு எங்கடா? ஜனம் காத்துக் கெடக்கு!" என்று முருகையன் அதட்டினான். அதட்டும்போது பின்சுவர்ப் பக்கம் பார்க்கவேயில்லை. மாவுக்குப் பதிலாக வைத்திருந்த மணல் மூட்டையை ரவி தோளில் ஏற்றி ஆறு நடை நடந்தான். பிள்ளைகள் சிரித்தார்கள். நாலாவது நடையில் சிரிப்பு நின்றுவிட்டது.

முடிந்ததும் ரவி எழுந்தான். "சார், இதுக்கு அவங்களுக்கு என்ன கூலி?"

"கூலி கெடையாது. சோறு, துணி."

"வேணாம்னுட்டுப் போயிடலாமா?"

"பிடிச்சா சூடு போடுவாங்க."

இரண்டு வருடத்தில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. பின்சுவரோரம் நின்றவர் கட்டிய கையை இறக்கினார்.

வெளியே செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுத்த வருசம் சின்னவன் எட்டாவதுக்கு வர்றான்," என்றார்.

"வரட்டுங்க. அவனுக்கும் சீட்டுதான்."

"அது தெரியுது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இளம் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். எந்தப் பழைய நகரத்தைப் பற்றிப் பாடம் நடத்தினாலும், அங்கே மூட்டை தூக்கியவர்களை விட்டுவிடாதீர்கள். உங்கள் வகுப்பில் அந்த மூட்டையை யார் தூக்குவது என்று வாசலில் நிற்பவர் சொல்ல விடாதீர்கள்.