அரை மணிக்கு மேல் நிற்காத முள்

என் டிராக்டரின் ஆயில் பிரஷர் மீட்டரில் முள் காலையில் நிமிர்ந்து நிற்கும். அரை மணி ஓட்டினால் தலையைத் தொங்கப் போட்டுவிடும். நிறுத்திவிட்டு ஒரு டீயைக் குடித்து வந்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி மறுபடி நிமிரும். எஞ்சினுக்குள் எண்ணெய் அழுத்தம் இல்லாவிட்டால் இரும்போடு இரும்பு உரசி ஒரே நாளில் சோலி முடிந்துவிடும். அதனால் மழை பெய்து தென்னந்தோப்பில் முழங்கால் உயரம் களை நின்றபோதும், அரை மணி ஓட்டுவதும் அரை மணி உட்காருவதுமாகவே ஒரு மாதம் போனது.

ஓட்டுவதில் கஷ்டம் இல்லை, உட்காருவதில்தான். மனைவி போய் ஒன்றரை வருடம் ஆகிறது. மகள் பெங்களூரில் இருக்கிறாள். தினம் சாயந்திரம் போன் செய்து சாப்பிட்டாச்சா என்பாள், ஆச்சு என்பேன், பாதி நாள் அது பொய். வண்டி ஓடும்வரை அந்தச் சத்தத்தில் எதுவும் தெரியாது. நின்றுவிட்டால் தோப்பின் அந்தக் கோடியில் மட்டை விழுவதுகூடக் காதில் விழும்.

முள் இறங்கத் தொடங்கியதும் நான் குற்றம் சாட்டியது மெக்கானிக்கை. கிணத்துக்கடவு மெயின் ரோட்டில் பட்டறை வைத்திருப்பவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும், போட்டிருக்கும் வெள்ளைச் சட்டையோடு நேராக என் வீட்டுக்கு வருவார். அன்றைக்கு ஸ்பேனரைத் தொடமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, காது கொடுத்துக் கேட்டுவிட்டு, நல்லா இருக்குதுங்க என்பார். பிறகு டீ. நான் போடும் டீயை முகம் சுளிக்காமல் குடித்த ஒரே மனிதர். என் மனைவியின் காரியம் முடிந்த அடுத்த ஞாயிறும் வந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார், கேட்டார், டீ குடித்தார், போனார். அந்த வாரம் வந்த கூட்டத்தில் எனக்கு ஆறுதலாக இருந்தது அவர் ஒருவர்தான்.

போன தை மாதம் எஞ்சினுக்குப் பேரிங் மாற்றிக் கொடுத்தவர் அவர்தான். ஆகவே பிரஷர் இறங்கியதும் பழியை அங்கே போட்டேன். இடையில் நான் செய்த ஒரு வேலையை மறந்துவிட்டேன். மறந்தேன் என்பது பொய், பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டியைச் சம்ப் என்போம். அதன் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. அவரைக் கூப்பிட்டிருந்தால் ஒரு மணி நேர வேலை. அன்று புதன்கிழமை, எனக்கு முன்னால் ஒரு முழு மத்தியானம் காலியாகக் கிடந்தது. நானே சம்ப்பைக் கழற்றித் துடைத்து, கேஸ்கெட் வைத்து, ஒழுகலை அடைக்கும் சிவப்புப் பேஸ்ட்டைப் பூசினேன். பூசினேன் என்றால், டியூப் தீரும்வரை பூசினேன். ஒரு முறை போதும் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. கைக்கும் வேறு வேலை இல்லை. பொழுது சாய்ந்தபோது சம்ப் மாட்டியாகிவிட்டது, ஒரு சொட்டு ஒழுகவில்லை.

முள்ளைப் பார்க்க வந்த மெக்கானிக் குனிந்து சம்ப்பின் ஓரத்தைப் பார்த்தார். பேஸ்ட் வெளியே பிதுங்கி நின்றது. அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சம்ப ஒருக்கா எறக்கிப் பாத்துரலாங்களா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

"நீங்க போட்ட பேரிங்க மறைக்கறதுக்கு என்ற வேலையக் குத்தம் சொல்றீங்களா?"

எங்கள் பக்கம் சண்டையிலும் 'ங்க'வை விடமாட்டோம். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். அவர் என்னைப் பார்க்கவில்லை, மீட்டரைத்தான் பார்த்தார். செரிங்க, வாரனுங்க என்று சொல்லி பைக்கை எடுத்தார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அவருடைய பைக் சத்தம் எனக்குத் தெரியும். பூசை விடும் நேரத்துக்கு என் தோப்பைத் தாண்டி, வேகம் குறையாமல் போகும்.

நான் சும்மா இருக்கவில்லை. கெட்டி எண்ணெய் வாங்கி ஊற்றினேன், முள் இன்னும் சீக்கிரம் இறங்கியது. மீட்டர் பொய் சொல்கிறது என்று புது மீட்டர் மாட்டினேன். அதுவும் அதையே சொன்னது. கடைசியில் வேறு வழியில்லாமல், அவர் சொன்னதையே, அவர் இல்லாமல் செய்தேன். எண்ணெயை வடித்து சம்ப்பை இறக்கினேன்.

பம்ப் எண்ணெயை உறிஞ்சும் வாயில் ஒரு கம்பி வலை இருக்கும். அந்த வலை முழுக்கச் சிவப்பாக இருந்தது. உள்பக்கம் பிதுங்கிய பேஸ்ட் பிய்ந்து பிய்ந்து, வண்டி ஓட ஓட வலையில் வந்து ஒட்டியிருக்கிறது. வண்டி நின்றால் கொஞ்சம் உதிர்ந்துவிடும், அதனால்தான் முள் நிமிர்ந்தது. பேரிங்கையும் கழற்றிப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி இருந்தது. அதில் ஒரு கீறல் இல்லை.

தரையில் உட்கார்ந்து பேஸ்ட்டை ஒவ்வொரு துணுக்காகப் பிடுங்கிப் பேப்பரில் வைத்தேன். வெட்கம் பிறகுதான் வந்தது, முதலில் வந்தது பயம். எனக்கென்று வந்துகொண்டிருந்த ஒரு மனிதரை நானே துரத்திவிட்டேன். இத்தனைக்கும் யாரும் பார்க்கவில்லை. அந்தப் பேப்பரைச் சுருட்டி அடுப்பில் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும், பேரிங் மேல் பழியும் அப்படியே இருந்திருக்கும். அப்படி நினைக்கவில்லை என்று சொல்லமாட்டேன். நினைத்தேன்.

வலையை மண்ணெண்ணெயில் கழுவி, இந்த முறை பேஸ்ட்டை விரல் நுனியால் மெல்லிசாக இழுத்துவிட்டு மாட்டினேன். புது எண்ணெய் ஊற்றித் தோப்பில் இறங்கினேன். அரை மணி ஆனது, ஒரு மணி ஆனது, முள் அசையவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது. எனக்கு அழுகைதான் வந்தது, வண்டியை நிறுத்தாமலே அழுதேன். அன்று ஞாயிறு. சாயந்திரம்வரை கேட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை பத்து இளநீரைக் கட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மன்னிப்பு என்பது எங்களுக்கு மேடையில் பேசுகிற வார்த்தை. நேரில் காயோ பழமோ கொடுத்துச் சமாளித்துக்கொள்வோம், வாங்குகிறவரும் வாங்கிக்கொண்டு மறந்துவிடுவார். அவர் வாங்கவில்லை. ஊட்டுலயே கெடக்குதுங்க, எதுக்குங்க வீணா என்று சொல்லிவிட்டு ஒரு பம்ப்செட்டைக் கழற்றுவதில் குனிந்துகொண்டார். காயை வைத்துக்கொண்டு அங்கே நின்றேன். பிறகு பையிலிருந்து பேப்பர் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து அவருக்கு முன்னால் வைத்தேன்.

"வலையில இருந்துச்சுங்க. தப்பு என்மேலதானுங்க."

ஒரு சிவப்புத் துணுக்கை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார்.

"அன்னிக்கே தெரியுமுங்களா?" என்று கேட்டேன்.

"தெரியுமுங்க."

"சொல்லியிருக்கலாமில்லீங்க."

"சொன்னனுங்க."

இளநீரை ஓரமாக இறக்கி வைத்துவிட்டு என் வண்டியை நோக்கி நடந்தேன். பின்னால் ஸ்பேனர் சத்தம் நின்றது.

"ஏனுங்க, நாயித்துக்கெழம ஊட்டுல இருப்பீங்களா?"

ஒன்றரை வருடமாக நான் வீட்டைத் தவிர வேறெங்கும் இருந்ததில்லை. இருப்பீங்களா என்று கேட்டவரும் யாரும் இல்லை.

இருப்பனுங்க என்றேன். அந்த ரோட்டுச் சத்தத்துக்குக்கூட அவ்வளவு உரக்கச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.