சீல் வக்கீல் கேட்ட பெயர்

எண்பதுகளின் நடுவில், ஐப்பசி மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு சந்தை நாளில், ஏற்காட்டை அடுத்த நாகலூரில் என் அக்கா வீட்டில் நடந்தது இது.

அக்காவும் மாமாவும் பஸ் நிற்கும் இடத்தருகே காபிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கும் சின்னக் கடை வைத்திருந்தார்கள். மாமா அரைப்பார், அக்கா பொட்டலம் கட்டுவாள், நாள் முழுக்க இருவருக்கும் ஏதாவது வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கும். அக்கா கிழக்கு என்றால் மாமா மேற்கு என்பார். அந்த வருடம் மாமாவுக்குத் திடீரென்று பக்கவாதம் வந்தது. வலப் பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் நின்றுபோனது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகும் ஒரு வார்த்தை வரவில்லை. கண் மட்டும் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருக்கும்.

கடையின் வாடகை ஒப்பந்தம் மாமா பெயரில் இருந்தது. அது அந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கக் கையெழுத்துப் போட ஆள் இல்லையென்றால் கடையை வேறொருவருக்கு விட்டுவிடுவதாகக் கட்டடக்காரர் சொல்லிவிட்டார். அந்த வேறொருவர் யார் என்பதுகூட ஊருக்குத் தெரியும். மாமாவுக்குப் பதில் அக்கா கையெழுத்துப் போட வேண்டுமானால், மாமா அவளுக்குப் பவர் பத்திரம் கொடுக்க வேண்டும், அதில் நோட்டரி வக்கீல் சீல் வைக்க வேண்டும். படுத்துக் கிடக்கும் மனிதரை மலைப்பாதையில் சேலத்துக்கு இறக்கி ஏற்றுவது நடக்கிற காரியமா?

நல்லவேளையாக, சேலத்து நோட்டரி வக்கீல் ஒருவர் சந்தை நாள்தோறும் மலைக்கு வந்துகொண்டிருந்தார். ஏற்காடு பஸ் ஸ்டாண்டு அருகே ஓட்டல் மேஜை ஒன்றில் உட்கார்ந்து சீல் வைத்துக் கொடுப்பார். நடமாட முடியாதவர்கள் இருந்தால் கிளியூரோ, எஸ்டேட் தொழிலாளர் லயனோ, வீட்டுக்கே போவார். ஊரில் அவருக்கு ‘சீல் வக்கீல்’ என்றுதான் பெயர். கனத்த உடம்பு, கறுப்புக் கோட்டு, ரிஜிஸ்தரும் மைப்பெட்டியும் அடைத்த தோல்பை. கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பினால் பாவம், அவருக்கு வயிற்றைப் புரட்டும். அதற்காக அடிவாரத்தில் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி மூக்கருகில் பிடித்துக்கொண்டே வருவார். எங்கள் வாசலில் வந்து நின்றபோதும் கையில் அந்தப் பழம் இருந்தது. காலில் அட்டை ஏறியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தபடியேதான் வணக்கம் சொன்னார்.

நான் அப்போது சேலத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்த்தேன். பத்திரத்தை ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் நானே அடித்துக் கொண்டுபோயிருந்தேன். சாட்சிக் கையெழுத்துக்கு நானும் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரும். இனி என்ன, ஒரு நிமிட வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

வக்கீல் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பத்திரத்தை நிதானமாக வாசித்துக் காட்டினார். “புரிஞ்சுதுங்களா?” என்றார். மாமா தலையாட்டினார். “கடை விவகாரத்தை இந்த அம்மா பாத்துக்கலாங்களா?” அதற்கும் தலையாட்டினார். அக்கா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வக்கீல் பேனாவைத் திறந்தவர், என்ன தோன்றியதோ, மறுபடி கேட்டார்.

“நான் சேலத்துல இருந்து ஏரோப்ளேன்ல வந்தேன். சரிதானுங்களே?”

மாமா தலையாட்டினார்.

“இந்தக் கடையை எனக்கே எழுதிக் குடுத்துடறீங்களா?”

முன்னைவிட வேகமாகத் தலையாட்டினார்.

வக்கீல் பேனாவை மூடிவிட்டார். “மன்னிச்சுக்கங்கம்மா. இவரு புரிஞ்சு சம்மதிச்சாருன்னு நான் எழுதணும். எனக்கே நிச்சயமில்லாம எப்படிச் சீல் வெக்கிறது?”

அக்கா பதறிப்போனாள். “ஐயோ, நாந்தானுங்க சொல்லிக் குடுத்தேன்! வக்கீலய்யா என்ன கேட்டாலும் தலையாட்டுங்க, மாட்டேன்னு கீது சொல்லிப்போடாதீங்கன்னு காத்தால இருந்து படிச்சுப் படிச்சுச் சொன்னனுங்க!”

“நீங்க சொல்லிக் குடுத்தீங்கன்னா அது இன்னும் சிக்கலுங்கம்மா” என்றார் வக்கீல்.

கல்யாணமான நாளிலிருந்து அக்கா சொன்ன எதையும் கேட்காத மாமா, கேட்பதற்கென்று அந்த நாளைப் பார்த்து வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது.

வக்கீல் கொஞ்சம் யோசித்தார். “சரி, தலையாட்டறது வேண்டாம். நான் கூப்பிட்டா எதுக்கும் திரும்புவாரு. பழகின குரலா இருக்கட்டும். நீங்களே வேற பேரு ரெண்டு மூணு சொல்லிக் கூப்பிடுங்கம்மா, நடுவுல இவரு பேரையும் சொல்லுங்க. எதுக்குத் திரும்பறாருன்னு பாக்கறேன்” என்றார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டோம். அக்கா கணவர் பெயரைச் சொல்ல மாட்டாள். சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்பது அவள் நம்பிக்கை. மாமாவுக்கோ மலையுச்சியில் குகைக்குள் இருக்கும் சாமியின் பெயர். இந்த மலைத்தொடருக்கே அந்தப் பெயர்தான். ஆக, தான் வாழ்கிற மலையின் பெயரையும் கும்பிடுகிற சாமியின் பெயரையும் அவள் சொன்னதில்லை. டூரிஸ்ட் யாராவது கோயிலுக்கு வழி கேட்டால், “அந்தக் கோயலுதானுங்க, நேரா மேல போங்க” என்பாள். அந்தப் பெயரை நானும் இங்கே எழுதப்போவதில்லை. இதை அக்கா படிப்பாள்.

“மேல இருக்கிற சாமி பேருங்க” என்றாள் அக்கா.

“பேரு பத்திரத்துல இருக்குதுங்க, உங்க வாயால வரட்டும். எந்தச் சாமிங்கம்மா?”

“குகைக்குள்ள இருக்குதுங்களே, அந்தச் சாமி.”

“அந்தச் சாமி பேரு என்னங்க?”

“எங்க ஊட்டுக்காரரு பேருதானுங்க.”

நான் பொறுக்க முடியாமல், “நான் கூப்பிடறேன் சார்” என்று முன்னால் வந்தேன். “பத்திரம் அடிச்சது நீங்க, சாட்சியும் நீங்க, இதையும் நீங்களே பண்ணினா நான் எதுக்குங்க?” என்று என்னை அடக்கிவிட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்றும், வேண்டுமானால் அடுத்த சந்தைக்கு வருவதாகவும் சொன்னார். அடுத்த சந்தைக்குள் மாதம் முடிந்துவிடும். எனக்கு அவர் மேல் கெட்ட கோபம் வந்தது. அவர் பக்கம் நியாயம் இருந்ததால் இன்னும் அதிகமாக வந்தது.

அக்கா எழுந்து வாசலுக்குப் போனாள். மலை மஞ்சுக்குள் மறைந்து கிடந்தது. அந்தத் திசையைப் பார்த்துக் கைகூப்பி ஏதோ முணுமுணுத்தாள். திரும்பி வந்து மாமாவின் காலடியில் உட்கார்ந்தாள்.

“ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. கடை போச்சுன்னா உங்களுக்கு மருந்து மாத்தரைக்கு நான் எங்கீங்க போவேன்?” என்றாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

அவள் வாயிலிருந்து எழுத்து எதுவும் வருவதற்குள் கட்டிலில் இருந்து ஒரு சத்தம் வந்தது. மாமா இடது கையைத் தூக்கி, வேண்டாம் வேண்டாம் என்று அவளைப் பார்த்து ஆட்டினார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. கோணிப்போன வாயிலிருந்து ஒரு எழுத்து, கொஞ்சம் மூச்சு, இன்னொரு எழுத்து என்று துண்டு துண்டாகத் தன் பெயரைத் தானே சொன்னார். நோய் விழுந்த பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அது.

அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள், அதுவும் திட்டுவதற்கு. “இத்தன நாளு நான் நொம்பக் கெஞ்சியும் வராத பேச்சு, இப்ப மட்டும் எப்பிடீங்க வந்துச்சு?” திட்டிக்கொண்டே அழுதாள். மாமா ஒரு பக்க வாயால் சிரித்தார்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஆனாலும் மனிதர் விடவில்லை. “இப்பச் சொல்லுங்க, நான் ஏரோப்ளேன்லயா வந்தேன்?” மாமா இல்லையென்று தலையசைத்து, தோல்பைமேல் அவர் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை விரலால் காட்டினார். ரைட்டர் சத்தமாகச் சிரித்துவிட்டார். “கடையை எனக்கு எழுதிக் குடுக்கறீங்களா?” தலை பலமாக ஆடியது, முடியாதென்று. “இந்த அம்மாவுக்கு?” மாமா தலையசைக்கவில்லை. இடது பெருவிரலை மைப்பெட்டிக்கு நேராக நீட்டினார்.

ரேகை விழுந்தது, சீல் விழுந்தது. ஃபீஸை வக்கீல் குறைக்கவில்லை. அவர் அப்படித்தான். அக்கா கொடுத்த காபிப்பொடிப் பொட்டலத்தையும் வேண்டாமென்று சொல்லவில்லை. அக்கா தோட்டத்து எலுமிச்சம்பழம் ஒன்றைப் பறித்து, இறக்கத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி அவர் கையில் கொடுத்தாள்.

கடை நிலைத்தது. மாமாவுக்கும் மெல்ல மெல்லப் பேச்சு திரும்பி, பழையபடி அக்கா கிழக்கு என்றால் மேற்கு என்று குழறலாகச் சொல்லும் அளவுக்குத் தேறினார். பல வருடம் அப்படியே இருந்து, தொண்ணூறுகளின் கடைசியில் போய்ச் சேர்ந்தார். இறப்பைப் பதியப் போன இடத்தில், “இறந்தவர் பேரு?” என்று எழுத்தர் கேட்டார். அக்கா வாயைத் திறந்தாள், சற்று நேரம் அப்படியே நின்றாள். யாரோ முந்திக்கொள்வார்கள் என்று காத்திருக்கிறவள் மாதிரி இருந்தது எனக்கு. பிறகு என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன்.

அந்தப் பவர் பத்திரத்தில் சாட்சியாக என் கையெழுத்து இருக்கிறது. அதில் நான் அடித்த வாசகங்கள் எல்லாம் மறந்துபோய்விட்டன. பேச்சே வராத ஒரு மனிதர், மனைவி வாய் திறப்பதற்குள் முந்திக்கொண்டு சொன்ன அந்த ஒரு பெயருக்கு மட்டும் நான் இன்றைக்கும் சாட்சி.