பிரவுனியின் மூட்டுகளும் சர்க்கரை சேர்க்காத ஒரு பாக்கெட்டும்

எங்கள் நாய் பிரவுனி திருந்திவிட்டான் என்று நாங்கள் சந்தோஷப்பட்ட அதே வருடம்தான் அவன் வலியோடு நடமாடிக்கொண்டிருந்திருக்கிறான். இதை எழுதும்போதுகூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பன்னிரண்டு வருடங்கள் அவன் கிள்ளானில் எங்கள் தாமானுக்கே (குடியிருப்புப் பகுதிக்கே) பெரிய தலைவலி. கேஸ் லோரி வந்தால் கேட்டின் மேல் பாய்வான். ஆளில்லாத நேரத்தில் சோபாவில் ஏறிப் படுப்பான். மழையில் நனைந்தால் கூடத்துக்கு வந்துதான் உடம்பை உதறுவான். பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் நின்றுபோனது. "வயசாச்சுல்ல, புத்தி வந்துருச்சு பாரு," என்றார் என் கணவர் சேவியர். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவனைப் பாராட்டிப் பேசினேன்.

ஒரு நாள் காலை சமையலறை டைல்ஸ் தரையிலிருந்து எழ முயன்றான். பின்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் வழுக்கிப் போயின. மறுபடி முயன்றான், மறுபடி வழுக்கியது. தொண்டைக்குள் ஒரு சின்ன முனகல் கேட்டது. என்னைப் பார்த்ததும் அந்த முனகலையும் நிறுத்திக்கொண்டான்.

நாங்கள் வழக்கமாகப் போகும் கிளினிக்கின் டாக்டர் கவிதாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். எக்ஸ்ரே எடுத்துத் திரையில் காட்டினார். உருண்டையாக, வழவழப்பாக இருக்க வேண்டிய இடுப்பு மூட்டில் எலும்பு கரடுமுரடாக முளைத்திருந்தது. ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் (மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்து, எலும்பும் எலும்பும் உரசுவதால் வரும் வீக்கமும் வலியும்) என்றார். இரண்டு இடுப்பு மூட்டுகளிலும் இருந்தது, ஒரு முழங்காலிலும் தொடங்கியிருந்தது.

"சோபாவுல ஏறுறத எப்ப நிறுத்தினான் ஆன்டி?"

"ஒரு வருஷம் இருக்கும் டாக்டர்."

"நனைஞ்சா உடம்ப உதறுவானா?"

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சேவியர் முந்திக்கொண்டார். "முன்ன உதறுவான். இப்பல்லாம் ரொம்ப ஒழுக்கம் டாக்டர்." பெருமையாகத்தான் சொன்னார், பாவம்.

டாக்டர் சிரிக்கவில்லை. "ஒழுக்கம் இல்ல அங்கிள். அவனுக்கு வலிக்குது. உதறுனா இடுப்பு வலிக்கும், அதான் உதறல. நாய்ங்க வலிய மறைக்கும் லா. நாமதான் கண்டுபிடிக்கணும்."

நான் முப்பத்தொரு வருடம் அரசு மருத்துவமனையில் தாதியாக இருந்தவள். அதில் ஒன்பது வருடம் எலும்பு வார்டு. வலிக்கிறதா, எங்கே வலிக்கிறது, பத்துக்கு எத்தனை என்று ஆயிரக்கணக்கான பேரிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். என் காலடியில் படுத்திருந்தவன் ஒரு வருடமாக நடக்கும் விதத்திலேயே சொல்லிக்கொண்டிருந்ததை நான் படிக்கவில்லை.

சிகிச்சை என்று பார்த்தால் பிரமாதமாக எதுவும் இல்லை. எடையைக் குறைக்க வேண்டும். வழுக்கும் தரையில் ரப்பர் பாய் விரிக்க வேண்டும். ஒரே நீண்ட நடைக்குப் பதிலாகச் சின்னச் சின்ன நடைகள். வலி அதிகமான நாட்களுக்கு நாய்களுக்கென்றே செய்த வலி மாத்திரை, அதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை. இவற்றோடு தினமும் காலையில் மெல்லும் துண்டாக ஒரு மூட்டுச் சப்ளிமென்ட். அதில் குளுக்கோசமைனும் காண்ட்ராய்ட்டினும் (குருத்தெலும்பில் இயல்பாகவே இருக்கும் பொருட்கள்) இருந்தன.

சப்ளிமென்ட்டைப் பற்றி டாக்டர் கவிதா எதையும் ஏற்றிச் சொல்லவில்லை. "தேஞ்சத இது திரும்ப வளர்க்காது ஆன்டி. சில நாய்க்கு நல்லா கேக்கும், சில நாய்க்கு ஒண்ணும் தெரியாது. ஒரு ரெண்டு மாசம் விடாம கொடுத்துப் பாப்போம்." எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. வீட்டில் வயதான நாயை வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர்களுக்கு நானும் அதையேதான் சொல்வேன். ஒரு வாரத்தில் துள்ளிக் குதிக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஏழாவது வாரம் மழையில் நனைந்து வந்த பிரவுனி கூடத்தின் நடுவில் நின்று, காதிலிருந்து வால்வரை ஓர் உதறு உதறினான். சுவர், டிவி, சேவியர் படித்துக்கொண்டிருந்த பேப்பர் எல்லாம் சேறு. "டேய், டேய்!" என்று கத்தியவர் அடுத்த நிமிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எடை குறைந்ததாலா, பாய் விரித்ததாலா, சப்ளிமென்ட்டாலா என்று எனக்குத் தெரியாது. எதையும் நிறுத்திப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

எதையும் நிறுத்தக்கூடாது என்ற அந்தப் பயம்தான் என்னை மாட்டிவிட்டது.

ஹரி ராயா (முஸ்லிம் பெருநாள்) விடுமுறைக்குக் கிளினிக் மூடிவிட்டது. டப்பாவில் இன்னும் துண்டுகள் இருக்கும் என்று நினைத்திருந்தேன். காலையில் திறந்தால் தூள்தான் இருந்தது. அடுத்த நான்கு நாட்களுக்கு எங்கே போவது? ஒரு நாள் விட்டாலும் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும் என்று மனம் அடித்துக்கொண்டது. நான்கு நாள் விட்டிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

"என்னோடதுல ஒரு பாக்கெட் கொடேன் மேரி. அதுவும் குளுக்கோசமைன்தானே?" என்றார் சேவியர். அவருக்கும் முழங்கால் வலி உண்டு. பிரிக்பீல்ட்ஸில் மாதா கோயில் பூசை முடிந்ததும் பக்கத்து மருந்துக்கடையில் ஆரஞ்சுச் சுவையில் கரைத்துக் குடிக்கும் பாக்கெட்டுகளை வாங்கி வருவார். அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் பெட்டியின் முன்பக்கத்தில் 'சர்க்கரை சேர்க்காதது' என்று போட்டிருப்பதைத்தான் தேடி எடுப்பார்.

நான் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். குளுக்கோசமைன் எத்தனை மில்லிகிராம், காண்ட்ராய்ட்டின் எத்தனை, அவன் எடைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது. சர்க்கரை இல்லாதது நாய்க்கும் நல்லதுதானே என்று ஒரு திருப்தி வேறு. எட்டு மணிக்குக் கஞ்சியில் கலந்து வைத்தேன். தட்டை நக்கி முடித்தான்.

எட்டரை தாண்டி, பின்வாசலுக்குப் போக எழுந்தவன் தள்ளாடினான். கால் என்றுதான் நினைத்தேன். "ஒரு நாள் துண்டு மாறுனதுக்கே பாருங்க, கால் வரல," என்று சேவியரிடம் சொன்னேன். ரப்பர் பாயை இழுத்துப் போட்டு, அவன் இடுப்பைத் தடவிக்கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பத்து நிமிடத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்புறம் அவன் உதடு துடித்தது. கண் என் பக்கம் திரும்பியிருந்தும் என்னைப் பார்க்கவில்லை. வார்டில் இந்தப் பார்வையை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சர்க்கரை இறங்கிப்போன நோயாளியின் பார்வை அது.

"உங்க சுகர் மிஷின எடுத்துட்டு வாங்க," என்றேன்.

"எனக்கா? நான் நல்லாத்தான் இருக்கேன்."

"அவனுக்கு! சீக்கிரம்!"

காது மடலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு எடுத்தேன். ஒன்று புள்ளி ஒன்பது. சேவியருக்கு நாலுக்குக் கீழே போனாலே நாங்கள் பதறுவோம். மிஷின் கெட்டுவிட்டதோ என்று இன்னொரு முறை குத்தினேன். ஒன்று புள்ளி ஏழு. வயிறு நிறையச் சாப்பிட்ட நாய்க்கு எப்படி இவ்வளவு இறங்கும்? கை தன்பாட்டுக்கு வேலை செய்தது, மூளை அப்படியே நின்றுவிட்டது. தேனை விரலில் எடுத்து அவன் ஈறில் தடவினேன். தடவத் தடவ அவனுக்கு வலிப்பு வந்தது.

விடுமுறை என்பதால் கூட்டரசு நெடுஞ்சாலை காலியாகக் கிடந்தது. ஷா ஆலமில் விடுமுறையிலும் திறந்திருக்கும் விலங்கு மருத்துவமனைக்கு சேவியர் ஓட்டிய வேகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பின்சீட்டில் பிரவுனியின் தலை என் மடியில் இருந்தது. வழி முழுக்க ஈறில் தேனைத் தடவிக்கொண்டே போனேன்.

அங்கே பணியில் இருந்த சீன இளம் டாக்டர் உடனே முன்காலில் டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை நீர்) டிரிப்பை ஏற்றினார். வலிப்பு நின்றது. பிறகு என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார். "ஆன்டி, பாகி தாடி அவன் என்ன சாப்பிட்டான்?" இன்று காலை என்று மலாயில் கேட்டுவிட்டு, மீதியைத் தமிழில் கேட்டது எனக்கு அப்போது உறைக்கக்கூட இல்லை.

ஊசி போட்ட பிறகு காலிக் குப்பியைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது தாதிகளின் பழக்கம். காலிப் பாக்கெட் என் சட்டைப் பையில்தான் இருந்தது. கொடுத்தேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. பின்னால் திருப்பி, கடைசி வரியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு சொல்லின் கீழ் பேனாவால் கோடு போட்டார். சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் ஓர் இனிப்பு). மனிதர்களுக்கு ஒன்றும் செய்யாதாம். நாயின் உடம்பு அதைச் சர்க்கரை என்று நம்பி இன்சுலினைக் கொட்டிவிடுமாம். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையெல்லாம் அப்படியே இறங்கிவிடும். கல்லீரலும் போகலாம், மூன்று நாள் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றார்.

அப்படியானால் காரணம் நான்தான்.

பயிற்சிக் காலத்திலேயே எங்களுக்கு மண்டையில் அடித்துச் சொல்லிக்கொடுத்த ஐந்து சோதனைகள் உண்டு. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். அளவு பார்த்தேன், நேரம் பார்த்தேன். மருந்தில் வேலை செய்யும் பொருளைப் பார்த்தேன், கூடச் சேர்த்திருப்பதைப் பார்க்கவில்லை. நோயாளி யார் என்ற முதல் கேள்வியைக் கேட்கவே இல்லை. சப்ளிமென்ட் என்ற பெயரால் அது மருந்தாகவே என் கண்ணுக்குத் தெரியவில்லை. சத்துப்பொடிதானே என்று ஓர் இளப்பம்.

"நான்தான கொடுக்கச் சொன்னேன்," என்றார் சேவியர்.

"கொடுத்தது நான்," என்றேன்.

நான்கு நாட்களும் காலையில் போய் மாலையில் வந்தோம். முதல் இரண்டு நாள் கல்லீரல் எண்கள் ஏறின. மூன்றாம் நாள் அதே இடத்தில் நின்றன, நான்காம் நாள் இறங்கத் தொடங்கின. கூண்டுக்குள் கால் நீட்டிப் படுத்திருந்தவன் என் செருப்புச் சத்தம் கேட்டு வாலை இரண்டு முறை தரையில் தட்டினான். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

விடுமுறை முடிந்து டாக்டர் கவிதாவிடம் போனோம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. "தேன் தடவுனீங்கள்ல, அதனாலதான் ஆன்டி அவன் இங்க நிக்கிறான்," என்றார். அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இதைப் படிப்பவர்களிடம் ஒன்றைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். மூட்டுச் சப்ளிமென்ட் கொடுங்கள், டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். தீர்ந்துபோனால் சும்மா இருங்கள். சர்க்கரை நோயாளிக்கென்று வாங்கும் மிட்டாய், சூயிங்கம், பொடி எதையும் நாய்க்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். உங்கள் வலி மாத்திரையும் வேண்டாம். தெரிந்தவர்கள்தான் இந்தத் தப்பைச் செய்வார்கள். ஒன்றும் தெரியாதவர்கள் பயந்து விட்டுவிடுவார்கள்.

பிரவுனிக்கு இப்போது பதினான்கு நடக்கிறது. மூட்டுத் தேய்மானம் இருக்கும் இடத்திலேயேதான் இருக்கிறது. நல்ல நாள் உண்டு, எழுந்திருக்கவே யோசிக்கும் நாளும் உண்டு. நாய்களுக்கான அந்தப் பழைய துண்டையே மறுபடியும் தொடங்கச் சொன்னார் டாக்டர். இரண்டு வாரம் அதை சேவியரைத்தான் கொடுக்கச் சொன்னேன். பிரவுனி அவர் கையிலிருந்து வாங்கி ஓரமாகத் துப்பிவிட்டு, என்னிடம் வந்து நின்றான். வேறு வழியில்லாமல் நானே கொடுக்கத் தொடங்கினேன்.

முப்பத்தொரு வருடம் என் கையைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. அது வேலை செய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். இப்போது ஒவ்வொரு காலையும் துண்டை எடுக்கும்போது அது வேறு யாருடைய கையோ போலக் கனக்கிறது. எட்டு மணிக்குக் கொடுப்பேன். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் எனக்கு வேறு வேலை கிடையாது. அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தொடையின் உள்பக்கம் விரல் வைத்து நாடி பார்ப்பேன். வார்டில் எட்டு மணி நேரம் ஓடியது தெரியாது. இந்த ஒரு மணி நேரம் நகரவே நகராது. நாடியைத்தான் பார்க்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது, தடவிக்கொடுக்கிறேன் என்று நினைத்துத் தூங்கிவிடுவான்.

கொடுப்பதற்கு முன்னால் பின்பக்கப் பொடி எழுத்து முழுவதையும் சத்தமாகப் படிக்கிறேன். அப்புறம் துண்டை உள்ளங்கையில் வைத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டுகிறேன். "மோந்து பாருடா," என்கிறேன். தினமும் சொல்கிறேன். ஒரு நாளாவது மோந்து பார்த்தால், ஒரு நாளாவது என்மேல் சந்தேகப்பட்டால், எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்கிவிடுகிறான்.