கடையில் வாங்கிய ஹோஸ்டா

என் தோட்டத்தில் இருப்பது சுகந்தியின் செடி அல்ல. அவள் நம்பிக் கொடுத்ததைப் பிடுங்கிக் குப்பையில் போட்டவள் நான். பிறகு கடையில் ஒன்றை வாங்கி நட்டு, அதுதான் இது என்று பொய் சொன்னேன். இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு செடிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நீங்கள் கேட்கலாம். முழுவதையும் கேட்டுவிட்டு, பிறகும் அப்படிச் சொல்ல முடிகிறதா பாருங்கள்...

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தவள் சுகந்தி. எட்டாம் மாதத்தில் அவளுக்குப் பெண் குழந்தை இறந்தே பிறந்தது. நம் ஊரில் பச்சைக் குழந்தையை எரிக்க மாட்டார்கள், புதைப்பார்கள். ஆனால் எரித்துத் தரட்டுமா என்று மருத்துவமனையில் கேட்டபோது, என்ன கேட்கிறார்கள் என்றே மனதில் ஏறாமல், அவள் கணவர் பிரபாகர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டார். கைக்குள் அடங்கும் ஒரு பெட்டியில் சாம்பல்தான் வீட்டுக்கு வந்தது.

அந்தச் சாம்பலைச் சுகந்தி பின்கட்டு மேப்பிள் மரத்தின் நிழலில் புதைத்து, மேலே ஒரு ஹோஸ்டாவை நட்டாள். நிழலிலேயே செழிக்கும் செடி. அகலமான பச்சை இலை, ஓரத்தில் வெள்ளைக் கரை. பிரபாகர் அந்தப் பக்கமே வர மாட்டார். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்.

சில வருடங்களில் அவருக்கு டெக்சாஸில், ரவுண்ட் ராக்கில் வேலை கிடைத்தது. வீட்டை விற்றார்கள். கிளம்புவதற்கு முன், ஒரு செப்டம்பர் மாலையில், சுகந்தி செடியைச் சுற்றி ஆழமாகத் தோண்டி, சாம்பல் கலந்த மண்ணோடு தூரைத் தூக்கி, ரொட்டி வெட்டும் கத்தியால் இரண்டாக அறுத்தாள். அறுக்கும்போது அழுதாள். பாதி தனக்கு, பாதி எனக்கு.

"அங்க வெயில் ஜாஸ்தியாம்டி. என்னோடது பொழைக்குமான்னு தெரியல. உங்கிட்ட ஒண்ணு இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும். பாப்பாவப் பாத்துக்கோ."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்!

அதன் பிறகு தினமும் போன். எங்கள் வீட்டில் இரண்டு வயது மகள் ஓடிக் கத்திக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் சுகந்தியின் காதில் விழக் கூடாதே என்றுதான் முதலில் மியூட் போட்டேன். அது இரக்கம். பிறகு பாத்திரம் கழுவுவதற்காகப் போட்டேன், ஆபீஸ் மெயில் பார்ப்பதற்காகப் போட்டேன். அவள் பேசிக்கொண்டே இருப்பாள். அவ்வப்போது மியூட்டை எடுத்து ஒரு "ம்" சொல்வேன். அது என்ன? அதற்குப் பெயர் சலிப்பு. அவளுடைய துக்கம் எனக்கு அலுத்துவிட்டது.

நவம்பரில், என் தோட்டத்தில் நட்டிருந்த பாதியின் இலைகள் மஞ்சளாகி, கூழாகி, தரையோடு படிந்தன. தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். கொஞ்ச நாளில் வெறும் மண்தான் மிஞ்சியது. மதுரையில் வளர்ந்தவளுக்கு, இலை போய்த் தண்டும் போனால் செடி செத்தது என்றுதான் அர்த்தம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? கேட்கவில்லை. கேட்டால் அழுவாள், எனக்கு ஒரு மணி நேரம் போகும்... தூரைத் தோண்டி எடுத்து, ஒட்டியிருந்த மண்ணோடு, சருகு அள்ளும் காகிதப் பையில் போட்டுத் தெருவோரம் வைத்தேன். லாரி வந்து எடுத்துப் போனது. உள்ளதைச் சொல்கிறேன், அன்று எனக்கு மனசு லேசாகத்தான் இருந்தது.

ஏப்ரலில் அவள் கூப்பிட்டாள்.

"முளை வந்துடுச்சாடி? நான்தான் சொன்னேன்ல, குளிர்ல மேல ஒண்ணுமே இருக்காது, பயப்படாத, உள்ள தூங்கிட்டிருக்கும்னு. இங்க வந்துடுச்சுடி!"

சொல்லியிருக்கிறாள்! எந்த நாளில் சொன்னாள்? அப்போது நான் எந்தப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்? உயிரோடு உறங்கிக்கொண்டிருந்ததையா நான் தெருவில் வைத்தேன்?

"வந்துடுச்சு," என்றேன்.

அன்றே நர்சரிக்கு ஓடினேன். அதே வெள்ளைக் கரை இலையைத் தேடி வாங்கி, நட்டு, படம் எடுத்து அனுப்பினேன். அவள் அதைத் தன் போனின் முகப்பில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த கோடையில் அவளுடைய பாதி டெக்சாஸ் வெயிலில் கருகிப்போனது. அப்போதாவது சொல்லியிருக்கலாம் என்கிறீர்களா? நானும் வாயைத் திறந்தேன். "பரவால்லடி, உங்கிட்ட இருக்கால்ல," என்று அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள். அதற்கு மேல் என்ன சொல்வது... நீங்கள் சொல்லியிருப்பீர்களா?

இந்த மே மாதம் சுகந்தியும் பிரபாகரும் வந்தார்கள். தொட்டியில் வைத்து, இன்னொரு முறை வளர்த்துப் பார்க்கிறேன் என்றாள்.

"நீயே பிரிச்சுக் குடுடி. வளத்தவ நீதானே."

பிரித்தேன். இரண்டும் சமமாக வரும்படி பார்த்துப் பார்த்து அறுத்தேன், அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது. அதுவரை தள்ளி நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்த பிரபாகர், நான் தூரை வெளியே எடுத்ததும் மெல்ல வந்தார். புல்லில் மண்டியிட்டார். குழியிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"பாப்பா... அப்பா வந்திருக்கேன்டா."

அந்த மனிதர் வாய்விட்டு அழுதார். சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத்தன வருஷத்துல இன்னைக்குத்தான்டி அழறாரு. எல்லாம் உன்னாலதான்."

அவர் அள்ளியது, நான் நர்சரியில் மூட்டையாக வாங்கிக் கொட்டிய மண்.

இப்போது படம் அனுப்புவது பிரபாகர்தான். காலையில் தண்ணீர் ஊற்றும்போது அதனோடு பேசுகிறாராம். இருவரும் மகளைப் பற்றி இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கிறார்களாம். உண்மையைச் சொன்னால் அவர்களிடமிருந்து எதைப் பறிப்பேன்? சொல்லாமல் இருக்க எனக்கு என்ன உரிமை?

நேற்றும் ஒரு படம் வந்தது. புதிதாக ஓர் இலை விரிந்திருந்தது.

"பாப்பா நல்லா வளர்றா அண்ணா," என்று பதில் அனுப்பினேன்.